டெஸாவின் நீலக் கோப்பை

நாத்தனார் வெர்னெல் சுத்தியலோடு வருவதைப் பார்த்ததுமே எர்னஸ்டின் மண்வெட்டியைக் கீழே போட்டாள். ஆகஸ்ட் ஆராதனைக்கு முன்பு கறுப்பர் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கூடிப் புல் செதுக்குவது வழக்கம். புல் செதுக்கச் சுத்தியல் எதற்கு? ஐந்து வருஷமாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

செத்தவர் கடைசியாகப் புழங்கிய சாமானை உடைத்துத்தான் கல்லறைமேல் வைக்க வேண்டும். உடைத்தால் சாவுச் சங்கிலி அறும். சாவு அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வராது. சுற்றிலும் ஓட்டைக் குடங்கள், உடைந்த தட்டுகள். மகள் டெஸாவின் நீலக் கோப்பை மட்டும் முழுசாக இருந்தது. டவுன் டாக்டர் வெள்ளைக்கார வீடுகளையெல்லாம் பார்த்துவிட்டுச் சாவகாசமாக வருவதற்குள், ஆறு வயசுப் பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்றே போய்விட்டாள். ஓட்டைக் கோப்பையில் எப்படிக் குடிப்பாள்? எர்னஸ்டினுக்கு மனசு வரவில்லை.

“தனியாப் போக மாட்டேன்னு உன் மக என் புருஷனையும் கூட்டிட்டுப் போயிட்டா. இப்ப என் மக ஓலா மாசமா இருக்கா. நகருடி.”

“அண்ணன் குடிச்சிட்டு வண்டியோட ஓடையில விழுந்தாரு, அண்ணி. பாட்டிலையும் இவதான் ஊத்திக் குடுத்தாளா?”

யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமினார்கள்.

“சாவுக்கு வாசலைத் தொறந்து வச்சிருக்கா, வாயைப் பாரு!”

எர்னஸ்டின் ஓலாவைப் பார்த்தாள். டெஸாவுக்குத் தினமும் தலை பின்னிவிட்டவள். ‘வேண்டாம்மா’ என்று தாயிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓலா வயிற்றில் கை வைத்துக்கொண்டு தலை குனிந்தாள். அந்தக் குனிந்த தலைமேல் எர்னஸ்டினுக்கு வந்த வெறுப்பு வெர்னெல்மேல்கூட வந்ததில்லை.

எர்னஸ்டின் சுத்தியலைப் பிடுங்கினாள். “என் பிள்ளை கப்பு. நீ தொட்டே, அடுத்த அடி உன் மண்டையில.”

மண்ணில் உட்கார்ந்து, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, தன் ஜாடித் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக் கல்லறைமேல் சாய்த்தாள். காய்ந்த மண் சட்டென்று குடித்தது. மறுபடி ஊற்றினாள். மறுபடி குடித்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்டி?”

“அவளுக்குத் தாகம் தீரட்டும். அப்புறம் நானே உடைக்கிறேன்.”

ஜாடி காலியானது. எர்னஸ்டின் அதைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் கைப்பம்பு கிறீச்சிட்டது. ஓலா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் வாளிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.