மூத்தவன் எடுத்துப்போன பிடிமண்

மாமனார் கோதண்டபாணிக்கு இந்த வருஷம் பிடித்த பைத்தியம் வம்சாவளி. திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். தன் முன்னோர் சோழர் காலத்து வணிகர்கள் என்பதைக் குலதெய்வத்தின் கும்பாபிஷேக மலரில் அச்சேற்றியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த மருமகள் வீட்டிலேயே இருக்கும்போது சும்மா இருப்பாரா? ஐந்து மாதக் கர்ப்பிணி என்றும் பாராமல் வேணியைத் திருவக்கரைப் பக்கம் உள்ள அந்தக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்து வந்துவிட்டார்.

கல்லில் ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மேலே மை ஒற்றியதும் எழுத்துகள் வெள்ளையாய் எழும்பின.

"நல்லா சத்தமா படிம்மா," என்றார்.

வேணி உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். வணிகச் சகோதரர் இருவர். இளையவன் இங்கேயே தங்கினான். மாமனார் வீட்டுச் செப்பேட்டில் இருப்பதும் அவன் பெயர்தான். மூத்தவன் சண்டை போட்டுக்கொண்டு, கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளிப்போய்ப் பெண்ணையாற்றங்கரையில் புதுக்கோயில் எழுப்பினான். அங்கே சாமிக்கு அவன் இட்ட பெயர்...

வேணி சட்டென்று படிப்பதை நிறுத்தினாள். பெருவழி நங்கை. திருவெண்ணெய்நல்லூரில் அவள் பிறந்த வீட்டுக் குலதெய்வம். வேறெங்கும் அவள் கேள்விப்படாத பெயர்.

குலதெய்வம் வேறு வேறு, ஆகவே பங்காளி இல்லை என்றுதான் இரண்டு வீட்டாரும் தைரியமாகப் பெண் கொடுத்து எடுத்தார்கள். ஒரே வம்சம் என்றால் புகழேந்தி அவளுக்குப் புருஷன் இல்லை, அண்ணன் முறை. மாமனாரின் சித்தப்பா மகளுக்கு இப்படித்தான் கல்யாணமான பிறகு முறை தப்பியது தெரியவந்தது. புருஷனிடமிருந்து அவளைப் பிரித்து அனுப்பியவர் இதே மனிதர். அவள் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக்கூட யாரும் போகவில்லை. எந்தக் காலத்துச் சண்டைக்கோ என் வயிற்றிலா வழக்கு என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. பயம் அதையும் மிஞ்சியது.

"இன்னா பேரும்மா?"

"தேஞ்சி போயிருக்குது மாமா. தெரியல."

"போனா போவுது. பங்காளி ஆப்ட்டான் பாரு, அதான் வேணும்! அவங்க இல்லாம கும்பாபிஷேகமா? பெண்ணையாத்துப் பக்கம்னா உங்கப்பாவாண்டயே கேட்டுடலாம்."

"அவருக்கு இதெல்லாம் தெரியாது மாமா, வேணாம்."

அவர் அதற்குள் போன் போட்டு ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டு கடகடவென்று சிரித்தார்.

"அதுக்கேன் சம்பந்தி அலையிறீங்க? எங்க சாமியே திருவக்கரை பக்கத்துலேர்ந்து பிடிமண்ணு எடுத்தாந்த சாமிதான். அண்ணன் தம்பி சண்டையில..."

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மாமனார் போனை அணைக்கவில்லை. மெல்லத் திரும்பி வேணியின் வயிற்றைப் பார்த்தார்.