அப்டேற் ஏறாத கணினியும் பெயரில்லாத பிள்ளையும்

றுக்கியா கடைக்குள் வந்தபோது கணினி மறுபடியும் தோற்றுப்போயிருந்தது. அப்டேற்றை ஏற்ற முடியவில்லை, பழைய நிலைக்கே திரும்புகிறேன் என்ற அதே ஆங்கில வரி திரையில் நின்றது. குணேஸ்வரி கன்னத்தில் கைவைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள், இண்டைக்கும் சரிவரல்லயா?"

"இல்லை ராத்தா. கடைசிமட்டும் வடிவாப் போகுது. முடியப்போற நேரம் ஏலாது எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி ஓடுது."

றுக்கியா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கிண்ணியாவிலிருந்து படகேறி வந்த வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அவளுடைய தங்கை ஸல்ஹா டோஹாவில் இருந்தாள். தாய் இறந்த பிறகு ஸல்ஹாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது றுக்கியாதான். சமாதான ஒப்பந்தம் வந்து பாதைகள் திறந்த அடுத்த வருடம் கல்யாணம் செய்து அனுப்பிவைத்தாள். இப்போது ஸல்ஹாவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. பெயரை அக்காவான ராத்தாதான் வைக்க வேண்டும் என்று அவள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். முகத்தைப் பாராமல் பெயர் சொல்லமாட்டேன் என்று றுக்கியாவும் சொல்லிவிட்டாள். பெயர் வைக்கும் நாள் மறுநாள்.

முகம் பார்ப்பதற்கென்றே ஸல்ஹாவின் கணவன் கலீலுர் றஹ்மான், ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்னக் கமரா ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தான். துறைமுகப் பக்கத்தில் இணைய வசதியோடு இருந்த குணேஸ்வரியின் கடைக்கு றுக்கியா அதைக் கொண்டுவந்தாள். கமராவைப் பொருத்துவது சுலபமாக இருந்தது. ஆனால் படத்தோடு பேசும் செயலி, முதலில் இயங்குதளத்தை அப்டேற் செய் என்று அடம்பிடித்தது. அதுதான் ஏறவே மாட்டேன் என்றது.

குணேஸ்வரி சும்மா இருக்கவில்லை. இடம் போதாதோ என்று தான் சேர்த்துவைத்திருந்த பாட்டுகளையெல்லாம் அழித்தாள். வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தாள். அரைகுறையாக இறங்கியதோ என்று பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். தொலைபேசி வழி வரும் இணையத்தில் அதற்கே ஒரு பகல் முழுதும் போனது. அதுவும் தோற்றதும் கொழும்பில் இருக்கும் தோழியிடம் சொல்லி, அதே அப்டேற் உள்ள சீடீ ஒன்றைப் பஸ்ஸில் வரவழைத்தாள். இன்று அந்தச் சீடீயும் தோற்றுவிட்டது.

"லைனில பிழையெண்டால் சீடீ வேலை செய்திருக்க வேணும்," என்றாள். "பிழை இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. எங்கயெண்டுதான் பிடிபடேல்லை."

"விடு மகள். நாளைக்குப் போனிலயே ஒரு பேரைச் சொல்லிடுறன்."

றுக்கியா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. குணேஸ்வரிக்கு அது பொறுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ. ஸல்ஹா ஈமெயிலில ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறா. அதையாவது எடுத்துத் தாறன்."

அச்சுப்பொறி முனகி முனகித் தாளைத் தள்ளியது. வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று. அதற்குள் ஒரு மூக்கு. றுக்கியா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூக்கைத் தவிர ஒண்டையும் காணல்லயே! மூக்கைப் பாத்தா பேர் வைக்கிற?"

பிறகு தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"இதென்ன மகள் இது! ரெண்டாயிரத்து ரெண்டாம் வருசம் எண்டு கிடக்கு. ஸல்ஹா கலியாணம் முடிச்சதே அதுக்கு அடுத்த வருசம். மாப்பிள்ளையைக் காணமுந்தியே பிள்ளை பெத்திருக்காளே!"

குணேஸ்வரியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள். தாளை வாங்கிப் பார்த்தாள். அச்சடித்த திகதியைக் கணினி தானாகவே அடியில் போடும். அது இரண்டாயிரத்து இரண்டு ஜனவரி என்று போட்டிருந்தது. வெளியில் நடந்துகொண்டிருந்ததோ இரண்டாயிரத்து நான்கு.

கணினியின் மணி பிழை என்பது அவளுக்குத் தெரியும். கரண்ட் கூடிக் குறையும் பயத்தில் தினமும் பின்னேரம் மெயின் சுவிட்ச்சையே நிறுத்திவிட்டுப் போவாள். காலையில் மணி தாறுமாறாக இருக்கும். சுவரில் மணிக்கூடு இருந்ததால் அதை அவள் பொருட்படுத்தியதில்லை. திகதியும் சேர்ந்து பின்னுக்குப் போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"ராத்தா!" என்று கத்தினாள். "பிடிச்சிட்டன்!"

"என்னத்தை?"

"அப்டேற்றில ஒரு முத்திரை இருக்கு. அது உண்மையானதோ எண்டு பார்த்துத்தான் இது உள்ள விடும். முத்திரை குத்தினது இந்த வருசம். பெட்டி நிக்கிறது ரெண்டு வருசத்துக்கு முதல். இன்னும் வராத வருசத்து முத்திரையை அது எப்படி நம்பும்? கள்ள முத்திரையெண்டு துரத்திவிடுது!"

றுக்கியாவுக்குப் பாதி விளங்கியது. குணேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததில் மீதியும் விளங்கியது.

குணேஸ்வரி பெட்டியைத் திறந்தாள். மின்சாரம் இல்லாத நேரம் திகதியை நினைவில் வைத்திருக்கும் வட்டப் பெற்றரி உள்ளே செத்துப்போய்க் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து மணிக்கூட்டுக் கடைக்கு ஓடினாள். கடைக்கார அபூதாஹிர் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து கழற்றாமலே அதை வாங்கிப் பார்த்தார்.

"முந்திச் சண்டை நேரமெண்டா இதைப் பொக்கற்றில வெச்சிருந்தாலே சென்றிப் பொயின்ற்ல ஆமிக்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான். இப்ப எந்த அளவு வேணும், சொல்லு!" என்று கண்ணாடிப் பெட்டியைப் பெருமையோடு திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் கடையை அப்படியே விட்டுவிட்டு அவரும் கூடவே வந்தார்.

புதுப் பெற்றரி போட்டு, திகதியைத் திருத்தி, சீடீயை மறுபடி ஓடவிட்டார்கள். பச்சைக் கோடு ஊர்ந்தது. வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் வந்ததும் மூவரும் திரைக்குக் கிட்டக் குனிந்தார்கள். கோடு அந்த இடத்தைத் தாண்டியது. கணினி அணைந்து, எழும்பி, எல்லாம் முடிந்தது என்று அறிவித்தது. அபூதாஹிர் கைதட்டினார். குணேஸ்வரி றுக்கியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

டோஹாவுக்கு அழைப்பு எடுத்ததும் ஸல்ஹாவின் முகம் திரையில் விட்டு விட்டு அசைந்தது. ராத்தாவைக் கண்டதும் அவள் அழத் தொடங்கினாள்.

"அழுறதை நிப்பாட்டிட்டுப் பிள்ளையைக் காட்டு!" என்றாள் றுக்கியா, தானும் அழுதபடி.

பிள்ளை கமராவுக்கு முன்னால் வந்தது. கண் இறுக்க மூடியிருந்தது. ஸல்ஹா கன்னத்தைத் தட்டினாள். அபூதாஹிர் நாக்கைச் சொடுக்கினார். ஒன்றுக்கும் அது அசையவில்லை. றுக்கியா மைக்குக்கு அருகில் குனிந்து, "என்ட செல்லமே, பெரியம்மா வந்திருக்கன், எழும்பு மகள்," என்று மெல்லக் கூப்பிட்டாள். குண்டுச் சத்தம் கேட்ட காலங்களில் சின்ன ஸல்ஹாவை மடியில் போட்டு அமர்த்திய குரல் அது.

பிள்ளை கண்ணைத் திறந்தது. இரண்டு பெரிய, கறுத்த கண்கள். எதையோ விசாரிக்க வந்ததுபோல நேராகப் பார்த்தது.

"ஜெஸீமா," என்றாள் றுக்கியா. அதற்குமுன் வேறு இரண்டு பெயர்கள் அவள் மனதில் இருந்தன. இரண்டும் அந்தப் பார்வைக்குப் பொருந்தவில்லை. "இவ ஜெஸீமாதான். வேற ஆருமில்ல."

"ஜெஸீமா!" என்று ஸல்ஹா சிரிப்பும் அழுகையுமாகப் பிள்ளையின் காதில் சொன்னாள். குணேஸ்வரியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அபூதாஹிர் வாசலுக்குப் போய், தெருவில் நின்ற ஓட்டோக்காரனிடம், "பேர் வெச்சாச்சு!" என்று அறிவித்தார். யாருக்கு என்று விளங்காமலே அவனும் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் றுக்கியா தன் அருகில் இருந்த, முன்பின் அறியாத பெண்ணிடம் பேச்சுக்கொடுத்தாள்.

"எங்கட பிள்ளைக்கு இண்டைக்குத்தான் பேர் வெச்ச. ஜெஸீமா. கண்ணைப் பாத்திருந்தா நீங்களும் அதைத்தான் வெச்சிருப்பீங்க."