ஒரு சாணும் ஒரு விரலும்

எல்லைக்கு இந்தப் பக்கம் தண்டவாளம் அகலம். அந்தப் பக்கம் நாலு விரற்கடை குறைவு. எந்தக் காலத்திலோ ரெண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் வீம்புக்குப் போட்ட பாதை. அந்த வீம்பில்தான் ஜாக்கி மேஸ்திரியின் குடும்பம் பதினெட்டு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ரயில் வந்து எல்லைக் கொட்டகைக்குள் நிற்கும். பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் ஜாக்கி கொடுத்து, உள்ளே இருக்கிற ஜனங்களோடு ஆள் உயரத்துக்குத் தூக்குவார்கள். அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக நாலு நாலு சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் இருக்கிறதே, அதற்குக் கொட்டகையில் கீழ்வண்டி என்று பெயர். அகலப்பாதைக் கீழ்வண்டியை உருட்டி வெளியே தள்ளிவிட்டு, குறுகலானதை உள்ளே தள்ளி, பெட்டியை அதன்மேல் இறக்கினால் வேலை முடிந்தது. மேலே சீட்டாடிக்கொண்டிருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் காலுக்குக் கீழே சக்கரமே மாறிப்போனது தெரியாது.

போர் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினெட்டு முதல் நாற்பது வரை எந்த ஆணும் நாட்டை விட்டுப் போகக் கூடாது, படைக்கு வர வேண்டும் என்று உத்தரவு. ரயில் கொட்டகைக்குள் நுழைந்ததும் காவலர்கள் நீளக் கம்பில் கண்ணாடி கட்டி அடியெல்லாம் பார்ப்பார்கள். கூடவே நாய். அந்தக் கண்ணாடிக்கும் தப்பி ஒருதரம் ரெண்டு பேர் வந்த ரயிலின் கீழ்வண்டிக்குள்ளேயே ஒளிந்திருந்தார்கள். பாவம், கீழ்வண்டி இங்கேயே தங்கிவிடும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பெட்டி மட்டும் எல்லை தாண்டிப் போயிற்று. அவர்கள் அரை நாள் கொட்டகைக்குப் பின்னால் கிடந்துவிட்டு, வெளிநாடு வந்தாயிற்று என்று எழுந்து வந்து, காவலரிடமே அந்த ஊர் மொழியில் வணக்கம் சொன்னார்கள். கொட்டகை வயிறு வலிக்கச் சிரித்தது. ஒரு மாதம் கழித்து ரெண்டு பேரும் போர்முனையிலிருந்து சவப்பெட்டியில் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்ட அன்று யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரியின் மனைவிக்கு ஒரே தம்பி. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன், வயது இருபத்தேழு. உடம்பு அப்படி, அதனால் எல்லோருக்கும் அவன் ஈர்க்குச்சி. அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். உத்தரவு வந்த மறுநாளிலிருந்து அவன் இவர்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தான்.

"நீங்க நெனச்சா அவன அந்தப் பக்கம் அனுப்ப முடியும். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் மனைவி.

மேஸ்திரிக்கு மாட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் யோசித்தார். கண்ணாடியும் நாயும் வந்த ரயிலைத்தான் பார்க்கின்றன. கொட்டகைக்கு வெளியே வரிசையில் காத்திருக்கும் குறுகல் கீழ்வண்டிகளை எந்த நாயும் மோந்து பார்ப்பதில்லை. அவற்றின் சட்டத்தில் ஆள் படுக்கிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் படுத்துக்கொண்டால் உள்ளே உருட்டும்போது கூடவே வரலாம். பெட்டியை மேலே இறக்கிவிட்டால் மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். கொட்டகையைத் தாண்டினால் எல்லைப் பாலம்; அதில் ரயில் நடைவேகத்தில்தான் போகும். ஏழு நிமிஷத்தில் அந்தப் பக்கம்.

பள்ளத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதுதான் கேள்வி. வீட்டிலிருந்து பிசைந்த மாவு ஒரு பெரிய உருண்டை எடுத்துப்போனார். பழுதுபார்த்துத் திரும்பிய பெட்டி ஒன்றைச் சக்கரத்தில் இறக்குகிற நாளில், யார் கண்ணிலும் படாமல் உருண்டையைப் பள்ளத்தில் வைத்தார். இறக்கி, சரிபார்க்க மறுபடி தூக்கியதும் பார்த்தால் மாவு ஒரு சாணும் ஒரு விரலும் உயரத்துக்கு அமுங்கியிருந்தது. அன்று மாலை மச்சினனைத் தரையில் படுக்கவைத்து, மூச்சை இழுக்கச்சொல்லி நெஞ்சை அளந்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் உள்ளேதான் இருந்தது.

"இத்தன நாளும் ஒல்லி ஒல்லின்னு கிண்டல் பண்ணீங்களே மாமா. இப்ப பாருங்க, உடம்பு நாடு விட்டு நாடு போகுது."

"வாய மூடிட்டு மூச்ச அடக்கிப் பழகு" என்றார் மேஸ்திரி. சிரிப்பு அவருக்கும் வந்தது.

வியாழக்கிழமை காலை மச்சினன் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, வேலையாட்களோடு வேலையாளாகக் கொட்டகைக்கு வந்தான். ஒன்பது மணிக்கு மூன்றாவது கீழ்வண்டிக்குள் படுத்தான். மேலே மேஸ்திரியே ஒரு அழுக்குச் சாக்கை இழுத்துவிட்டார். "மாமா, கழுத்துல பிசுக்கு ஒட்டுது" என்று சாக்கு முணுமுணுத்தது. அவர் சாக்கின் ஓரத்தைச் செருகிவிட்டு நகர்ந்தார்.

பத்து மணிக்கு ரயில் வந்தது. கண்ணாடி பார்த்தார்கள், நாய் ஓடியது, ஒன்றும் இல்லை. அப்போதுதான் ராணுவத்திலிருந்து ஆள் வந்து, கடைசிப் பெட்டி தங்களுக்கு வேண்டும் என்று கழற்றிக்கொண்டான். அதில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் மூட்டை முடிச்சோடு அதற்கு முந்தைய பெட்டியில் ஏற்றினார்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேஸ்திரி அதைப் பார்த்தார். அந்தப் பெட்டியின் அடியில்தான் மூன்றாவது கீழ்வண்டி போகப்போகிறது என்பதும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எவனாவது சந்தேகமாகத் திரும்புகிறானா என்பதிலேயே கண்ணும் கருத்தும் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கெல்லாம், காலிப் பெட்டியில் எடுத்த அளவை நம்பாதே என்று படித்துப் படித்துச் சொல்கிற மனுஷன் அவர்.

பெட்டி எழும்பியது. பழையது வெளியே போனது. புதியது சாக்கோடு உள்ளே வந்தது. மேஸ்திரி உள்ளங்கையைக் கீழே காட்டினார். பொத்தான் பலகையில் இருந்தவன் அழுத்தினான். நாலு ஜாக்கியும் உறுமிக்கொண்டு இறங்கின.

பெட்டியின் அடியில் இருக்கிற நடு ஊசி கீழ்வண்டியின் துளைக்குள் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் பாரம் இறங்கும். பெட்டியின் முழு எடையும் ஜாக்கியை விட்டுச் சக்கரத்துக்கு மாறும் நேரம் அது. ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கொஞ்சம் அமுங்கியது. இன்னும் அமுங்கியது. மேஸ்திரி ஸ்பிரிங்கையே பார்த்தார். மாவு அளந்த அன்று பெட்டியில் ஒரு ஆள் இல்லை, தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் இல்லை. இன்று ரெண்டு பெட்டி ஜனம், ரெண்டு பெட்டி மூட்டை. முழுப் பாரமும் உட்கார்ந்தால் மூணு விரல் இறங்கும். ஒரு சாணும் ஒரு விரலும் என்ற கணக்கு எங்கே நிற்கும்?

அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல்கூட இல்லை. கத்துவதற்கு நெஞ்சில் காற்று வேண்டும்.

நிறுத்தினால் அகப்படுவான். நிறுத்தாவிட்டால் செத்துப்போவான். மேஸ்திரிக்கு யோசிக்க நேரம் இல்லை. கை தானாகவே முஷ்டியாயிற்று.

"நிறுத்து. மேல ஏத்து."

ஊசியில் மண் இருக்கிறது, நானே துடைத்துவிடுகிறேன் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் மற்ற நாளில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத இன்ஜினீயர் அன்றைக்கென்று டார்ச்சோடு வந்து குனிந்தார்.

"என்னய்யா இது, சாக்கு? சாக்குக்குக் கால் இருக்கு?"

காவலர்கள் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். விலா எலும்பு உடைந்தவன் இழுத்தால் எப்படி வருவானோ அப்படித்தான் வந்தான் மச்சினன். தரையில் போட்டார்கள். அவன் வாயைத் திறந்து திறந்து காற்றை அள்ளினான்.

"யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார் காவல் அதிகாரி.

"எங்க மேஸ்திரிதான் சார்" என்றார் இன்ஜினீயர் பெருமையாக. "பாரம் உட்கார்ற சத்தத்த வச்சே அடியில ஏதோ இருக்குன்னு சொல்லிட்டாரு. அவர் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது."

அதிகாரி மேஸ்திரியின் தோளில் தட்டினார். பிறகு கை தட்டினார். அதிகாரி தட்டினால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? கொட்டகை முழுக்கக் கை தட்டியது. மேலே ஜன்னலில் இருந்த ஒரு கிழவி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவமானமா, பயமா, அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியா, எதுவென்று பிரிக்க முடியாமல் மேஸ்திரி நின்றார்.

"இவன உனக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் கீழே கிடந்தவன் பேசினான். "எச்சக்கல நாயே. ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தா உன் சொத்தா கரைஞ்சிருக்கும்?" என்று சொல்லி, ரத்தமாகத் துப்பினான்.

அதற்குப்பிறகு அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மச்சினனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமாவைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையா, மனசிலிருந்து வந்த வார்த்தையா? அவன் கண்ணைப் பார்த்தால் தெரிந்திருக்கும். மேஸ்திரி பார்க்கவில்லை. மறுபடியும் உள்ளங்கையைக் கீழே காட்டி, பெட்டியை இறக்கினார். மூணு விரல் இறங்கி உட்கார்ந்தது. ஒரு மணி நேரம் தாமதமாக ரயில் கிளம்பியது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போனார். வாசற்கதவு திறந்திருந்தது. மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள் முகம் கழுவி, தலை வாரி, அவருக்கும் தனக்குமாக இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

"மாடிமேல நின்னு பாத்தேங்க" என்றாள் மெதுவாக, அடுத்த வீட்டுக்குக் கேட்காமல். "லேட்டானதும் எனக்குக் கை கால் ஓடல. அப்புறம் பாத்தா வண்டி பாலத்துல போகுது. கடைசிப் பெட்டி அந்தக் கரை ஏறுற வரைக்கும் பாத்துட்டுத்தான் கீழ வந்தேன். உங்களுக்கு நான் எத்தன ஜென்மம் கடன்பட்டிருக்கேனோ."

அவள் சிரித்தாள். ஏழு மாதமாக அந்த முகத்தில் அவர் பார்க்காத சிரிப்பு. சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தார். உயிரோடு இருக்கிறான் என்று ஆரம்பிக்கலாம். போர்முனைக்கு அனுப்புவார்கள் என்பதை நாளைக்குச் சொல்லலாம். அவள் தட்டில் பரிமாறினாள். அவர் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார்.

தெருவிலிருந்து பொத்தான் பலகைக்காரனின் குரல் கேட்டது. "மேஸ்திரி இருக்காரா? பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. போட்டோ எடுக்கணுமாம், உடனே கூட்டிட்டு வரச்சொன்னாங்க."

அவள் கரண்டியோடு நிமிர்ந்தாள். "எதுக்குங்க போட்டோ?"

மேஸ்திரி தட்டைத் தள்ளி வைத்தார்.

"உன் தம்பியப் பிடிச்சுக் குடுத்ததுக்கு" என்றார்.