ஐந்தாவது பலகை

றொமால்டுக்குக் கை சும்மா இருக்காது. பதினைந்து வருசம் கத்தாரில் கட்டிடங்களுக்குக் கம்பி கட்டின கை. இடுப்பில் நாரி நோவு தாங்க ஏலாமல் போன மாசியில் கல்முனைக்குத் திரும்பி வந்தவன், தங்கச்சி மேர்சியாவின் வீட்டில், நெல்லு மூட்டையும் உடைந்த சைக்கிளும் கிடந்த ஓர அறையில் பாயைப் போட்டான். தங்கச்சியின் வீடு என்று வாய் சொல்கிறது. கல்லும் கம்பியும் சீமெந்தும் அவன் உழைப்பு. எங்கட பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கிறது. அப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்தான் கட்ட வேண்டும். கட்டினான், வீட்டு உறுதியை அவள் பெயரில் எழுதினான். இதற்குள்ளே அவனுக்கு நாற்பத்துமூன்று வயதாகிப் போனதை ஆர் யோசித்தது?

மேர்சியாவின் மூத்தவள், மருமகள் ஜெனிற்றாவுக்கு முதல்முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை வந்தது. கோயிலுக்குப் போய் வந்து வீட்டில் பகல் சாப்பாடு, மேர்சியாவின் மாப்பிள்ளை டிலுக்சனின் ஆக்கள் அத்தனை பேரும் வருவார்கள். மேர்சியா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய பலகையில் வீட்டாக்களின் பெயரெழுதி ஹோல் சுவரில் மாட்டியிருந்தது. கடையில் விற்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது என்றாள். இதற்கெல்லாம் கடைக்குப் போவதா, நான் செய்து தாறன் என்று இவன்தான் முந்திக்கொண்டு சொன்னான்.

இந்த வீட்டு மேல்தளத்துக்குக் கொங்கிறீற்று ஊற்றினபோது அடியில் கொடுத்த பலகைகள் கிணற்றடியில் உக்கிக் கிடந்தன. நல்லதாய் ஐந்தைப் பொறுக்கி எடுத்தான். ஆணி பிடுங்கி, ஒரே அளவாய் அறுத்து, சிரட்டைத் தணலில் பிடித்து முகத்தைக் கருக்கினான். கம்பி பிறசால் தேய்க்கத் தேய்க்க மரத்தின் வரியெல்லாம் எழும்பி வந்தது. சில இடத்தில் சீமெந்துக் கறை போகவில்லை. கிடக்கட்டும், அதுவும் ஒரு வடிவுதான் என்று விட்டான். பிறகு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பலகைக்கொரு பெயராய்ச் சுட்டான். டிலுக்சன், மேர்சியா, ஜெனிற்றா, சின்னவன் டெரிக். ஐந்தாவதில் றொமால்ட். ஐந்தையும் பக்கம் பக்கமாய் வைத்து, பின்னால் இரண்டு சட்டம் அடித்து, மாட்டுவதற்கு நடுவில் ஒரு வளையம் பூட்டி, வாணிஸ் பூசி வெயிலில் வைத்தான். பத்து நாள் வேலை. நாரி விண் விண்ணென்று தெறித்தது, ஆனாலும் மனுசன் முகத்தில் அப்படியொரு சந்தோசம். வந்த நாள் தொட்டு விருந்தாளி மாதிரி இருந்தவனுக்கு, இனி நானும் இந்த வீட்டு ஆள்தான் என்று சுவரே சொல்லப்போகிறது என்ற நினைப்பு.

விசர் மனுசன். பதினைந்து வருசம் வெளியில் கிடந்ததில் ஊர் வழமை மறந்து போச்சுதா? பொட்டைப் பிள்ளைக்குக் கொடுத்த வீட்டில் தமையன் தன் பெயரை எழுதுவதென்றால், அது வீட்டில் பங்கு கேட்கிற மாதிரி. பாண்டிருப்பு தொட்டு மருதமுனை வரைக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

பின்னேரம் கந்தோர் வேலை முடிந்து வந்த டிலுக்சன் பலகையைப் பார்த்தான். வேலை நல்லா இரிக்கி மச்சான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அறைக்குள்ளே அவனும் மேர்சியாவும் கனநேரம் கதைப்பது கேட்டது. அது முடிந்து மறுகா மேர்சியா பிளேன்ரீக் கோப்பையோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணன், அவர்ட ஆக்கள் வருவாங்க. உங்கட பேரக் கண்டா, வீட்டுல தமையனுக்கும் பங்கிரிக்கி எண்டு கதைப்பாங்க. கடைசிப் பலகைய மட்டும் எடுத்துடுங்களன்."

"நான் பங்கு கேக்கல்லயே மேர்சியா. வீட்டுல இரிக்கிற ஆக்கள்ட பேரத்தானே எழுதின."

"ஆம்பிளைக்கு வீடு பொஞ்சாதிர வீடுதானே அண்ணன். நீங்களும் கலியாணம் முடிச்சுப் போற எடத்துல உங்கட பேர எழுதுங்க."

குத்திக் கதைக்கிறவள் இல்லை அவள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்க ஏலாமல் போனது. இவளைக் கரைசேர்க்க வேண்டுமென்று தனக்கு வந்த மூன்று சம்மந்தத்தைத் தட்டிவிட்டவன் அவன். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இப்படிச் சொல்ல எப்படி முடிந்தது? பிளேன்ரீயை ஒரே மடக்கில் குடித்துக் கோப்பையை நீட்டினான். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனபின் மரம் அறுக்கிற வாளை எடுத்து, பின்னாலிருந்த இரண்டு சட்டத்தையும் நாலாவது பலகையோடு ஒட்ட அறுத்தான். அறுத்த இடம் தெரியாமல் கரியும் பூசிவிட்டான். வேலையில் குறை வைத்துப் பழக்கமில்லை.

சனிக்கிழமை மேர்சியா கதிரையில் ஏறி நின்று மாட்டினாள். பலகை ஒரு பக்கம் சரிந்தது. ஐந்துக்கும் நடுவில் பார்த்து அவன் பூட்டின வளையம், நாலுக்கு நடுவில் எப்படி நிற்கும்? பிள்ளைகள் சிரித்தார்கள். டிலுக்சன் வாசலில் நின்று, மச்சான் அத ஒருக்காப் பாருங்க என்றான்.

றொமால்ட் இறக்கினான். வளையத்தைக் கழற்றி, அரைப் பலகை அகலம் தள்ளித் திரும்பப் பூட்டிக் கொடுத்தான். அவள் மாட்டிவிட்டு, கையை எடுக்காமல் இவன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எப்பிடி அண்ணன்?"

தள்ளி நின்று பார்த்தான். நாலு பெயரும் மட்டம் பிடித்தது மாதிரி நின்றன. நாலு பேருக்கென்றே அளந்து செய்தது என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள்.

"ஓம்," என்றான். "இப்ப நேரா இரிக்கி."