வெந்நீர் உபயம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேரிறோஸின் குளியலறையில், ஷவர் தட்டின் துளை வழியாக வெள்ளையாய் ஒரு தண்ணீர் மேலே வந்தது. இது ஐந்தாவது சனிக்கிழமை. மற்ற ஆறு நாளும் அதே துளை நல்ல பிள்ளையாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

யோகராஜா லண்டன் ஹவுன்ஸ்லோவில் பத்தொன்பது வருடமாகக் குழாய் அடைப்பு எடுக்கிறவன். நிலத்துக்கடியில் போகும் குழாய் அடைத்தால், பின்னால் வரும் தண்ணீர் ஏறி, அந்த வரிசையிலேயே மிகப் பதிவான, தரையோடு தாழ்ந்த வாயைத் தேடும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த வரிசையில் மிகப் பதிவான வாய் மேரிறோஸின் ஷவர் தட்டு. அந்தக் குழாயில் தண்ணீர் வரும் மேற்பக்கம் இருந்தது ஒன்றே ஒன்று: முன்பு கம்பளக் கிடங்காக இருந்து இப்போது கோபுரம் முளைத்திருக்கும் வேலாயுதர் கோயில். வெள்ளி மாலை அங்கே அபிஷேகம். சனி காலை அங்கே தரை கழுவுதல், இங்கே பால்வெள்ளம். குற்றவாளியைப் பிடிக்க மந்திரவாதி தேவையில்லை.

ஆனால் குழாய்க்குள் கமராவை விட்டுப் பார்த்தபோது கோயிலின் பகுதி கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போல இருந்தது. பன்னிரண்டு மீற்றர் தள்ளி, மேரிறோஸின் தோட்டத்துக்கு அடியில்தான் நெய்யும் பால்திரளும் மெழுகாய் இறுகிக் குழாயை முக்கால்வாசி மூடியிருந்தன. யோகராஜாவை உறங்கவிடாதது அதுதான். கொழுப்பு ஊற்றுகிற வாய்க்குப் பக்கத்திலேயே ஒட்டும். தொழிலின் அரிச்சுவடி அது. பன்னிரண்டு மீற்றர் நடந்து போய் அடுத்த வீட்டில் படுத்துக்கொள்ளும் கொழுப்பை அவன் கண்டதில்லை.

“யோகண்ணை, வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனி இன்ஸ்பெக்டர் வாறா,” என்றாள் மேரிறோஸ். விமான நிலையத்தில் ஷிப்ட் செய்கிறவர்களின் நாலு குழந்தைகளை அவள் வீட்டில் வைத்துப் பார்க்கிறாள். அதற்கான பதிவுதான் அவளுடைய சோறு. “இன்னொருக்கா ஊத்தைத் தண்ணி கண்டால் பதிவை நிப்பாட்டுறதெண்டு எழுதிப்போட்டுப் போயிருக்கிறா.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் கோயிலுக்குப் போனான்.

கோயில் தலைவர் குலசேகரம் தன்னை ஆயுட்காலத் தலைவர் என்று அச்சடித்து வைத்திருப்பவர். அந்தக் கோயிலில் பெயர் பொறிக்காத பொருள் இல்லை. மின்விசிறியில் ஒரு குடும்பம், செருப்பு றாக்கையில் ஒரு குடும்பம், குப்பைத் தொட்டியில் அமரரான ஒருவர். திருவிழாவில் அயலவரின் வாசலை மறித்துக் கார் விடுவார்கள். உடைத்த தேங்காயின் சிரட்டையை நரி இழுத்துத் தெருவெல்லாம் பரப்பும். கேட்டால், “சாமி காரியம்” என்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் யார் வந்தாலும் கேள்வியில்லாமல் சோறு போடுவார்கள், அதை மட்டும் யோகராஜா குறை சொல்லமாட்டான். சமைப்பவர்கள் பெண்கள், படம் எடுத்துக்கொள்கிறவர்கள் தலைவர்கள்.

“எங்கட பைப் கண்ணாடி,” என்றார் குலசேகரம். “உம்மட கமராவே சொல்லுதல்லோ? அந்த வேதக்காரப் பிள்ளைக்குக் கோயிலைக் கண்டால் கண்ணுக்கை குத்துது. அவ்வளவுதான்.”

“அண்ணை, அவவின்ரை ஷவருக்கை பால் வருது. அவ என்ன, பாலிலையோ குளிக்கிறா?”

“ஆருக்குத் தெரியும்!” பக்கத்தில் நின்ற செயலாளர் சிரித்தார். தலைவர் சிரிக்கும் முன்பே சிரிக்கத் தெரிந்ததால்தான் அவர் செயலாளர்.

“கோமுகையை ஒருக்காப் பாக்கவேணும்.” கோமுகை என்பது மூலஸ்தானச் சுவரில் அபிஷேகத் தண்ணீர் வெளியே விழும் வாய்.

“சேட்டைக் கழட்டிப்போட்டு வாரும்.”

“நான் கும்பிட வரேல்லை. பைப் பாக்க வந்தனான்.”

“பைப்பும் சாமியின்ரை பைப்தான்.”

தை மாதக் குளிரில் யோகராஜா வெற்றுடம்போடு மூலஸ்தானத்துக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தான். கோமுகையைப் பார்க்கக் குனிந்தான். சுவரோடு போன செப்புக் குழாய் ஒன்று தோளில் பட்டது.

“ஐயோ!”

தோல் சிவந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று, சிவப்பு விளக்கோடு. அதன் கீழே பளபளக்கும் பித்தளைத் தகடு: ‘வெந்நீர் உபயம்: ஆயுட்காலத் தலைவர் குலசேகரம் குடும்பத்தினர்.’

“இந்த ஹீற்றர் எப்ப பூட்டினது?”

“கார்த்திகை விளக்கீட்டோடை,” என்றார் குலசேகரம். “ஐயருக்குக் கை விறைக்குதாம். முருகனுக்கும் குளிரும்தானே?”

விளக்கீட்டிலிருந்து போன வாரம்வரை ஐந்து வெள்ளிக்கிழமை. யோகராஜா தோளைத் தடவ மறந்துபோனான்.

“ஐயா, அதுக்கு முந்தி இந்தக் கோமுகை எப்படி இருந்தது?” என்று சந்து வாசலில் நின்ற ஐயரைக் கேட்டான்.

அவர் ஒருவர்தான் அங்கே கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். “முந்திப் பனிக்காலத்திலை நெய் வாயிலையே உறைஞ்சுபோம். சனிக்கிழமை குச்சியாலை குத்தி எடுக்கிறது என்ரை வேலை. இப்ப ஒரு தொல்லையும் இல்லை.”

தொல்லை பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஊரிலே கோமுகைத் தண்ணீர் வாழையடிக்குப் போகும். அந்த வெயிலில் நெய் உறைவதில்லை, வாழையும் முறைப்பாடு செய்வதில்லை. இங்கே உடம்புச் சூடு இருக்கும்வரைதான் நெய் தண்ணீர்போல ஓடும். முன்பு பச்சைத் தண்ணீர் பட்டு வாசலிலேயே கட்டியது. வெந்நீரோ அதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பன்னிரண்டு மீற்றரில் சூடு தீர்ந்ததும் அங்கேயே விட்டது. லண்டன் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு கொழுப்போடு சேர்ந்து அதைச் சவர்க்காரக் கட்டிபோல இறுக்கியது.

அன்று மாலை, அபிஷேகம் நடக்கும்போது இரண்டு மான்ஹோலிலும் வெப்பமானியை இறக்கிப் பார்த்தான். கோயில் பக்கம் நாற்பத்தொரு பாகை. மேரிறோஸ் பக்கம் பதினேழு. யோகராஜாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சாமி கண்டவன்கூடக் கண்டிருக்கமாட்டான். ஓடிப்போய் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினான்.

குலசேகரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “அப்ப தண்ணியை இன்னும் கொதிக்கவிட்டால் றோட்டைத் தாண்டிப் போயிடுமோ?” என்றார்.

“போகும் அண்ணை. அடுத்த தெருவிலை ஆரின்ரையோ ஷவருக்கை வரும்.”

“அது எங்கட தெரு இல்லையே.”

யோகராஜா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தான். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ அடைப்பைப் பார்த்திருக்கிறான். தடியும் தண்ணீர் அழுத்தமும் செல்லாத இடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மத்தியானம் சந்துக்குள் படம் எடுத்திருந்த போனைக் கையில் எடுத்தான்.

“நல்லது. கவுன்சிலுக்கு எழுதிற ரிப்போட்டிலை ஹீற்றரின்ரை படத்தையும் போடுறன். தகடு வடிவா விழுந்திருக்கு, உங்கட பேர் தூரத்திலையே தெரியுது.”

முதல் தடவையாகக் குலசேகரத்துக்குத் தன் பெயரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“இஞ்சை பாரும், தம்பி... படத்தை அழியும்.”

“பின்சுவரோடை ஒரு பீப்பாய் வைக்க இடம் தாங்கோ. அழிக்கிறன். கழிவை அள்ளுறதுக்கும் ஒரு முறை போடவேணும். முதல் பேர் உங்கடை.”

“நான் அள்ளுறதோ?”

“சாமி காரியம், அண்ணை.”

இந்த முறை செயலாளர் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டார். முறைப் பட்டியலில் இரண்டாவது பெயர் அவருடையதாயிற்று.

புதன்கிழமை யோகராஜா மேரிறோஸின் தோட்டத்துக் குழாயைத் தண்ணீர் அழுத்தத்தால் சுத்தமாக்கிவிட்டு, நீலப் பீப்பாயைப் பூட்டினான். வெள்ளி மாலை வழக்கம்போல அபிஷேகம் நடந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் நாலும் மேரிறோஸின் கூடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அவள் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். பிறகு போன் எடுத்தாள்.

“யோகண்ணை, துளை காய்ஞ்சுபோய்க் கிடக்கு.”

பத்து மணிக்கு வந்த இன்ஸ்பெக்டரும் அந்தத் துளையைக் குனிந்து பார்த்து, பதிவைத் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே நேரம் கோயிலின் பின்சுவரோரம் ஆயுட்காலத் தலைவர் கையுறை போட்டு, மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

செய்தது இவ்வளவுதான். வெயில் படாத பின்சுவரில் இருநூறு லீற்றர் பீப்பாய் ஒன்று, எப்போதும் பச்சைத் தண்ணீர் நிரம்பியபடி. கோமுகைத் தண்ணீர் நேரே நிலத்தடிக் குழாய்க்குப் போகாமல் முதலில் அதன் மேற்பக்கத்தில் விழுகிறது. அங்கே குளிர்ந்து, நெய் மிதந்து தகடுபோல உறைகிறது. வெளியேறும் குழாய் பீப்பாயின் கழுத்தருகே வெளியே போனாலும், அதன் உள்வாய் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பதால், கீழே நிற்கும் தண்ணீர் மட்டுமே வெளியே போகிறது. சனிக்கிழமை காலை மேலே உறைந்ததைக் கரண்டியால் அள்ளி உணவுக் கழிவுப் பெட்டியில் போடவேண்டும். ஹீற்றர் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.