கற்பிட்டிக் குதிரை

நான் புத்தகங்களுக்குப் படம் கீறுகிறவள் ஆனதற்குக் காரணம் ஒரு கழுதை. கொழும்புப் பதிப்பாளர் ஒருவர், சிறுவர் கதையொன்றுக்குக் குதிரையில் வரும் ராசாவைக் கேட்டிருந்தார். கீறி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போனில் கோல் எடுத்தார்.

“ஷிப்னா தங்கச்சி, ராசா ஏன் கழுதையில வாறார்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்கட கற்பிட்டி றோட்டெல்லாம் கழுதைதான் நிக்குது. குதிரைய நான் எங்க கண்டன்?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கதையையே மாற்றி, ராசாவைக் கழுதையில் ஏற்றிவிட்டார். பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கிழியக் கிழிய வாசித்தார்கள். எனக்கு வேலை வந்துகொண்டே இருந்தது.

பிறகு நுவரெலியாவுக்குப் போய், குதிரைகளுக்கு முன்னால் குந்தியிருந்து கீறிப் பழகினேன்.

போன கிழமை, நான் படித்த பாடசாலையில் சித்திர வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். “நினைச்சுக் கீறாதீங்க, போய்ப் பாத்துக் கீறுங்க” என்று சொல்லி, பலகையில் ஒரு குதிரையைப் பெருமையோடு கீறினேன்.

கடைசி வாங்கில் இருந்த ஸுஹைரா என்ற பிள்ளை எழும்பினாள். “கழுதை நல்லா வந்திருக்கு, மிஸ்!”

வகுப்பே சிரித்தது. திரும்பிப் பார்த்தேன், காது நீளம்தான். விட்டுக்கொடுப்பேனா? சோக்குக்கட்டியை நீட்டினேன். “அப்ப நீங்க வந்து குதிரைய கீறுங்க பாப்பம்.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனமாகக் கீறி முடித்தாள்.

அதுவும் கழுதைதான்.