தண்டவாளத்தில் சந்தனம்

வாருங்கள், வந்து பாருங்கள். ஓசூர் சிப்காட்டை அடுத்த தெருவொன்றில், ஆயுத பூஜை நாளில், ஒரு பெண் தன் வீட்டு வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறாள். ஒரு பொம்மை ரயிலைத் தொட்டது அவள் குற்றம். தண்டனை தொடங்கியபோது அவள் பள்ளிச் சிறுமி. இன்று சூளகிரி ஆலையொன்றில் ஒயரிங் வேலை செய்கிறவள். தண்டனை மட்டும் முடியவில்லை.

அவள் தர்ஷினி. அவள் தந்தை அண்ணாதுரை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஆலையில் எலக்ட்ரீசியன் ஆனவர். பெங்களூரின் பழைய சாமான் கடையில் அவர் வாங்கிய அந்த ரயில், தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தைச் சக்கரங்களால் வாங்கி ஓடுவது. அண்ணன் கௌதமும் தங்கையும் பலகை விரித்து அதற்கு ஓர் உலகம் படைத்தார்கள். தெர்மாகோல் மலையாயிற்று. கௌதம் ஓசூர் நிலையம் கட்டினான். அவளோ 'கிருஷ்ணகிரி' என்று எழுதிப் பலகை நட்டாள்.

"கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது, லூசு."

"அதான் நான் விடுறேன். உனக்கு டிக்கெட் கிடையாது, போ."

ஆயுத பூஜைதோறும் தந்தையின் டெஸ்டருக்கும் சைக்கிளுக்கும் நடுவே அந்த ரயிலும் பொட்டிட்டு நிற்கும். ஆரத்தி முடிந்ததும் தர்ஷினி சுவிட்சைத் தட்டுவாள். கிருஷ்ணகிரி வண்டி புறப்படும். அதுதான் அந்த வீட்டின் திருவிழா.

அவள் பெரியவளான ஆண்டு, சடங்குக்கு வந்த அத்தை ராஜாத்தி அங்கேயே தங்கிவிட்டாள். அந்தப் பூஜையில் பக்தி மிகுந்து, ரயிலுக்கு மட்டுமன்றித் தண்டவாளம் நெடுகிலும் சந்தனம் பூசினாள். தர்ஷினி சுவிட்சைத் தட்டினாள். வண்டி சற்று நகர்ந்து நின்றது. அன்று அவளுக்கு மாதவிலக்கு.

"தீட்டோட தொட்டா சாமி ஓட விடுமா?" என்றாள் அத்தை.

அண்ணாதுரைக்குக் காரணம் தெரியும். காய்ந்த சந்தனம் மின்சாரத்தை மறிக்கும் என்பதை அறியாத எலக்ட்ரீசியன் உண்டா? ஆயினும் அக்காளின் முகத்துக்கு அஞ்சி அவர் வாய் திறக்கவில்லை. மறு ஆண்டிலிருந்து தண்டவாளத்தில் சந்தனம் படாமல் பார்த்துக்கொண்டார். மகளை வெளியே நிறுத்தியதை மட்டும் தடுக்கவில்லை. அவள் வெளியே நின்றாள், வண்டி ஓடியது. அவர் மௌனமே அவள் மீதான பொய்க்குச் சாட்சி சொன்னது. விலக்கு நாளா, இல்லையா என்றுகூட எவரும் கேட்கவில்லை. அவள் தொட்டால் நிற்கும் என்பது அந்த வீட்டின் சட்டமாயிற்று.

தந்தை இறந்து, தலைத் திவசமும் முடிந்து, இந்த ஆண்டு மீண்டும் ஆயுத பூஜை வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த தர்ஷினி, பழக்கத்தால் படிக்கு வெளியிலேயே நின்றாள். தடுப்பார் இல்லாததால் அத்தை தண்டவாளம் முழுதும் சந்தனத்தை இழைத்திருந்தாள். கௌதம் சுவிட்சைத் தட்டினான்.

வண்டி நகர்ந்தது. நின்றது.

கௌதம் சுவிட்சை அணைத்தான். அத்தை வாசலைப் பார்த்தாள். "காலையில எதையாச்சும் தொட்டியாடி?"

"நான் நேத்து ராத்திரியே டூட்டிக்குப் போயிட்டேன் அத்தை. பூஜை சாமானை அப்புறந்தானே எடுத்து வச்சீங்க?"

அப்போது பார்வதி, அவள் தாய், எழுந்தாள். முந்தானையை நனைத்துத் தண்டவாளத்தைத் துடைத்தாள். துணியெல்லாம் மஞ்சளாயிற்று.

"என்ன செய்யுற பார்வதி?"

"உங்க தம்பி செஞ்சதைத்தான் மதினி. முதமுதல்ல வண்டி நின்ன அந்த வருசமும் எல்லாரும் தூங்கின பிறகு இப்படித்தான் துடைச்சாரு. வண்டி ஓடுச்சு. சொல்லாதேன்னாரு. நானும் சொல்லலை."

கௌதம் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். "உள்ள வா. உன் ஊருக்கு நீயே வண்டி விடு."

அவள் உடனே வரவில்லை. "அப்பா தெரிஞ்சேதான் என்னை வெளியே நிக்க விட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமென்று தாய் தலையசைத்தாள். அதன் பிறகே தர்ஷினி படியைத் தாண்டினாள். சுவிட்சைத் தட்டினாள். பெயர் பாதி அழிந்த கிருஷ்ணகிரிப் பலகையைக் கடந்து வண்டி ஓடியது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். யாரும் கை தட்டவில்லை. இழந்த ஆண்டுகளை அந்த வண்டி ஏற்றி வரவில்லை.

படித்தவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருத்தி வெளியே நிற்கிறாள். காரணம் பொய்யென்று உங்களுக்குத் தெரியும். அண்ணாதுரையைப்போல் இரவில் எழுந்து, ஒருவரும் காணாமல் துடைத்துவிட்டுப் படுக்காதீர்கள். பகலில், உற்றார் முன்னிலையில், உரக்கச் சொல்லித் துடையுங்கள். அவளை உள்ளே அழையுங்கள். அடுத்த பூஜைக்குக் காத்திராதீர்கள், இன்றே செய்யுங்கள்.